மண்டோர் மட்டும் பேசலாம்

கல் கதவு மூடிக்கொண்டது என்று நான் சொன்னதும் மூத்தவர் சிரித்தார். "தொறந்துக்கலாம்," என்றார். அது திறக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு விளையாடிய மூவரும் ஒரு மலைக்கு உள்ளே இருந்தார்கள். வார நாட்களில் வேலைக்குப் போனார்கள், சமைத்தார்கள், பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்ததும் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதில் பலகை கிடையாது, காய்கள் கிடையாது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஒரு நிலவறைக்குள் இறங்குவார்கள். கண்ணில் படுவதை நடத்துபவர் சொல்வார். என்ன செய்கிறோம் என்பதை ஆடுபவர்கள் சொல்வார்கள். சந்தேகமான இடத்தில் பகடை முடிவு செய்யும். நான் நடத்துவது பழைய பாணி. வழி தவறினால் தவறியதுதான், தீப்பந்தம் தீர்ந்தால் இருட்டுதான். ஆடுபவர்களுக்கு இரக்கப்பட்டு நிலவறை தன்னை மாற்றிக்கொள்ளாது. தமிழ் நாளிதழ் ஒன்றில் பக்கம் கட்டும் மேசையில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அச்சுக்குப் போன பக்கத்தில் கை வைக்க முடியாது. ஒருமுறை வரைந்து முடித்த நிலவறையையும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் விளையாடிய இடம் சிரம்பானுக்கு வெளியே ஒரு எஸ்டேட்டின் ஆயாக்கொட்டகை. ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்செல்வதற்காக எப்போதோ கட்டியது. இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கூரை வரை இரும்புக் கம்பி, மேலே துத்தநாகத் தகடு. குழந்தைகள் தப்பிப் போய்விடாதபடி கட்டிய கட்டடம் அது. பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்தாலும் அதன் நோக்கம் மாறவில்லை. பால்மரம் போய் இப்போது நாலாபுறமும் எண்ணெய்க்கான செம்பனை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை, தூரம் என்று ஒன்று தெரியாது. கம்பிக்கதவின் சாவி மூத்தவரிடம் இருந்தது. எஸ்டேட் லயத்தில், அந்தப் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் குடியிருக்கும் சில தமிழ்க் குடும்பங்களில் அவருடையது ஒன்று.

மூத்தவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, முப்பதைத் தொடாதவன், அதே தொழிற்சாலையில் அதே ஷிஃப்டில் இயந்திரம் பார்க்கிறான். தகப்பனார் இறந்தபின் அக்கா வீட்டுக்கு வந்தவன் அங்கேயே இருந்துவிட்டான். வேலை வாங்கிக் கொடுத்தது மூத்தவர். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய் ஒரே மோட்டாரில் திரும்புவார்கள். மூன்றாவது ஆள் ஒரு தாதி. அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது அம்பாங்கானில் என் பக்கத்து வீடு. என்னை அங்கே கூட்டிப்போனவரும் அவர்தான். வாரம் பூராவும் மருத்துவமனையில் காயம் கட்டுகிறவர் என்பதால், விளையாட்டிலும் அவரே வைத்தியம் பார்க்கட்டும் என்று மூத்தவர் முதல் நாளே சொல்லிப் பார்த்தார்.

"சம்பளம் இல்லாம அத வேற செய்யணுமா? எனக்குக் கோடாரி குடுங்க சார். நான் வெட்டுறேன்," என்றார் தாதி.

அப்படியாக அவர் கோடாரிக் குள்ளன் ஆனார். மூத்தவர் வாள்வீரன். மச்சினன் மெலிந்த ஒரு கள்வன், ஓர் அடி தாங்க மாட்டான். வைத்தியம் தெரிந்தவர் யாரும் இல்லாமலே உள்ளே இறங்கினார்கள்.

ஆரம்பத்தில் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் கதவைத் திற என்பார், ஒருவர் திறக்காதே என்பார். நான் பழைய ஆட்டக்காரர்களின் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். குழுவுக்காக ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர் சொல்வதுதான் கணக்கு. நான் வாயை மூடுவதற்குள் தாதி, "அப்ப மண்டோர் வேணும்," என்றார். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரிக்கு அந்தப் பெயர். மூத்தவர் மண்டோர் ஆனார். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. ஆட்டம் தொடங்கும்போது தீப்பந்தம் எத்தனை, சாப்பாடு எவ்வளவு என்று நான் கேட்டுக் குறித்துக்கொள்வேன். எஸ்டேட்டில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். "கிராணியார் பெரட்டு எடுக்கிறாரு, எல்லாம் நேரா நில்லுங்க," என்பார் மூத்தவர். என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேறொரு எஸ்டேட்டில் கிராணியாக, ஆட்களின் பேரேடு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். அது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கேலியில் முள் இருந்தது. நான் அதைப் பிடுங்கப் போகவில்லை.

வேறு ஊரில் இந்த வழக்கத்தை எப்படிக் கடைப்பிடித்திருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். கோலாலம்பூரில் நான் படித்த காலத்தில் எங்கள் குழுவிலும் ஒருவன் எல்லாருக்குமாகப் பேசினான். அவன் தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் மேசையைத் தட்டிக் கத்துவோம். இங்கே மண்டோர் என்று பெயர் வைத்த நிமிடத்தில் சத்தம் நின்றது. யாருக்காவது ஏதாவது தோன்றினால் மூத்தவர் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்கள். அவர் ஏற்றுக்கொண்டால் என்னிடம் திரும்பிச் சொல்வார். ஏற்றுக்கொள்ளாவிட்டால் கையை அசைப்பார், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மண்டோரைத் தாண்டிக் கிராணியிடம் யாரும் பேசவில்லை. பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் அதை அவர்கள் இவ்வளவு நன்றாகப் பின்பற்றுவார்கள் என்று நான் கணக்குப் போடவில்லை.

கல் கதவுக்குள் கூட்டிப்போனது மூத்தவர். மச்சினன்தான் வரைபடம் போடுகிறவன். நான் அளவு சொல்லச் சொல்ல, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டே வருவான். கதவின் உட்புறத்தில் கைப்பிடி இல்லை என்று நான் விவரித்தபோது அவன் பென்சில் நின்றது. சாய்ந்து காதில் ஏதோ சொன்னான். மூத்தவர் கையை அசைத்தார். மூவரும் உள்ளே போனார்கள், கதவு மூடிக்கொண்டது. வெளியிலிருந்து யார் தள்ளினாலும் அது திறக்கும். உள்ளேயிருந்து திறக்காது.

வெளியே போக இன்னொரு வழி இருந்தது. உள்ளறையின் பின்சுவரில் மெலிந்த ஓர் ஆள் ஊர்ந்து போகுமளவு வெடிப்பு. அதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தீப்பந்தத்தின் சுடர் பின்சுவர்ப் பக்கம் சாய்கிறது என்று சொன்னேன், சொன்ன ஒவ்வொரு முறையும் மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மூத்தவரின் காது. பிறகு கை அசைவு.

"எலிப் பொந்துடா அது. ஆளு போவ முடியாது," என்று ஒருமுறை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். என்னிடம் திரும்பி, "கதவ ஒடைக்கிறோம் சார்," என்றார்.

"கோடாரி என்னோடது, அண்ணே," என்றார் தாதி. "மொனை போயிருச்சு."

"மொனை போனா பின்பக்கத்தால அடி."

"ஆஸ்பத்திரியிலகூட இவ்ளோ ஓவர்டைம் கெடையாது லா."

கல்லில் அடித்தால் சத்தம் வரும். சத்தத்துக்கு ஏதாவது வருமா என்று எல்லாரும் பார்க்க நான் பகடை உருட்ட வேண்டும். பல முறை வந்தது. பெரிய எலிகள் வந்தன, கண் தெரியாத ஒரு பூதம் வந்தது. சண்டை போட்டார்கள், காயப்பட்டார்கள், உலர்ந்த ரொட்டியைப் பங்கிட்டுத் தின்றார்கள், மறுபடி கதவை அடித்தார்கள். மூத்தவருக்குப் பிடிவாதம் மட்டும்தான் என்று சொன்னால் அது தவறான செய்தி. ஒருநாள் கொட்டகையைப் பூட்டும்போது தாதி அவரிடம், "வேற ஏதாச்சும் பாப்போமே அண்ணே," என்று கேட்டார். "நான்தானே உள்ள கூட்டிட்டுப் போனேன், தங்கச்சி. நான்தான் வெளிய கொண்டாந்து விடணும்," என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

மலைக்குள் இருந்த நேரத்தில்தான் மச்சினன் என்னிடம் அந்த விஷயத்தைச் சொன்னான். ஆட்டம் முடிந்து மேசையைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தோம். மூத்தவர் விளக்கை அணைக்கப் போயிருந்தார்.

"சார், பினாங்குல ஒரு வேல கெடச்சிருக்கு. டெக்னீஷியன். மெஷின் எல்லாம் புதுசு."

"நல்ல விஷயம்தானே?"

"மாமாகிட்ட இன்னும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் அனுப்பணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

"ஏன் சொல்லவில்லை?"

அவன் மேசையின் காலைச் சரிசெய்வது போல் குனிந்தான். "எனக்குப் பதவி வாங்கித் தரணும்னு ஆபீசுல பேசிட்டிருக்காரு. அவருக்கப்புறம் அந்த ஷிஃப்ட் எனக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. மூணு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு சார். மோட்டார்ல பின்னால உக்காந்துகிட்டு எப்படிச் சொல்றது? ஹெல்மெட்டுல ஒண்ணும் கேக்காது."

"வீட்டில்?"

"வீட்டுல அவரு நியூஸ் பாப்பாரு." மேசையை இன்னொரு தள்ளு தள்ளிவிட்டு, "அக்காவுக்குத் தெரியும். நீயே சொல்லுன்னுட்டா. நீங்க சொல்லிறாதீங்க சார்," என்றான்.

நான் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது தாதி தானாகவே, "பினாங்கு விஷயம் உங்ககிட்டயும் சொல்லிட்டானா?" என்று கேட்டார். அக்காக்காரி மருத்துவமனைக்கு வந்தபோது அவரிடம் அழுதிருக்கிறாள். மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. எல்லாருக்குமாகப் பேசுகிறவர் அவர்தான்.

கெடு முடியும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உட்கார்ந்தபோது வானம் கறுத்திருந்தது. மச்சினன் கைப்பேசியை மேசையில் குப்புற வைத்திருந்தான். நான் பெரட்டு எடுத்தேன். எரிவதுதான் கடைசித் தீப்பந்தம். சாப்பாடு இல்லை. வாள்வீரனும் குள்ளனும் இன்னும் ஓர் அடி தாங்கலாம், இரண்டு தாங்க மாட்டார்கள்.

வெடிப்பை அகலமாக்கிவிடலாமா என்று முந்தைய இரவு நான் யோசித்திருந்தேன். மூன்று பேரும் தாராளமாக நடந்து போகுமளவு. யாருக்கும் தெரியப் போவதில்லை. தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று மூத்தவரைக் கேட்டேன்.

"கதவு."

அப்போது மழை இறங்கியது. துத்தநாகக் கூரையில் செம்பனைத் தோட்டத்து மழை விழுவதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து மூடுவது மட்டும் தெரியும். சாரல் கம்பி வழியாக உள்ளே வந்தது. தாதி தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து நின்று கத்திச் சொன்னேன்: கோடாரி விழுகிறது, கல் பெயரவில்லை, சுடர் பின்சுவர்ப் பக்கம் சாய்கிறது.

மச்சினன் வழக்கம்போல மூத்தவரின் காதுப் பக்கம் சாய்ந்தான். உதடு அசைந்தது.

"என்னடா?" என்றார் மூத்தவர்.

மறுபடி சொன்னான்.

"ஒண்ணும் கேக்கல! சத்தமாச் சொல்லேண்டா!"

"அது எலிப் பொந்து இல்ல மாமா!" மச்சினன் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது அதுவே முதல் தடவை. "காத்து போவுது! வெளிய வழி இருக்கு! நீங்க ரெண்டு பேரும் நொழைய முடியாது, நான் நொழைவேன்! போயி வெளிய இருந்து கதவத் தள்ளுறேன்!"

மூத்தவர் அவனைப் பார்த்தார். கை அசையவில்லை.

நான் மண்டோருக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். நான் போட்ட ஒழுங்கு அது. காத்திருக்கவில்லை. "போகிறாயா?" என்று மச்சினனையே கேட்டேன்.

"போறேன்!"

"பந்தம் யார்கிட்ட?" என்று மூத்தவர் கத்தினார். அந்தக் கேள்வி என்னிடமா அவனிடமா என்று தெரியவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்! இருட்டுல போயிருவேன்!"

இருட்டில் ஊர்வதற்குப் பகடை உருட்டச் சொன்னேன். குறைவாக விழுந்தால் நடுவில் சிக்கிக்கொள்வான், அதை நான் மாற்றப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் குலுக்கினான். விழுந்த எண் பெரியது இல்லை. போதுமானதாக இருந்தது. தாதி மேசையை அறைந்தார். தோள் உரசுகிறது, முழங்கை கிழிகிறது, முகத்தில் ஈரக் காற்று படுகிறது, மலைச்சரிவில் புல்லின் மேல் விழுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னேன்.

"வெளியே வந்துவிட்டாய். என்ன செய்கிறாய்?"

மூத்தவர் முன்னால் குனிந்திருந்தார். பதில் தெரிந்த கேள்விதான் அது. மச்சினன் என்னைப் பார்க்கவில்லை.

"மாமா, பினாங்குல எனக்கு வேல கெடச்சிருக்கு!"

மழை குறையவில்லை. ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. மூத்தவர் நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"மொதல்ல கதவத் தொறடா," என்றார்.

"தொறந்துட்டேன்," என்றான் மச்சினன்.

தாதி தன் குள்ளன் வெளியே வருகிறான் என்று சைகையால் காட்டினார். நான் மூத்தவரைப் பார்த்தேன். வாள்வீரனைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றார் மூத்தவர்.

மச்சினன் ஆம் என்று தலையசைத்தான். மூத்தவர் தாதியைப் பார்த்தார். தாதி பகடைகளைப் பையில் போட ஆரம்பித்தார். அடுத்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார். மழைக்கு மேல் பேச அவர் முயலவில்லை; வாயசைவில்தான் படித்தேன். எழுந்து கம்பிக்கதவு வரை போனார். வெளியே போக முடியாத மழை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தொழிற்சாலைச் சட்டையின் தோள்பட்டை நனைந்து கறுத்தது. கோபமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முகம் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதக்கூடாது என்று பத்திரிகை மேசையில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மழை கொஞ்சம் தணிந்தபோது திரும்பி வந்தார்.

"பதிலு எப்ப சொல்லணும்?"

"இன்னைக்குள்ள."

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"உங்ககிட்டச் சொல்லாம எப்படி மாமா…"

மூத்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இப்போது பேசியவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர். "ராஜினாமா கடுதாசி என் கைக்குத்தான் வரணும், தெரியும்ல? நான் கையெழுத்து வெச்சாத்தான் ஆபீசுக்குப் போவும்."

"தெரியும்."

"நாளைக்குக் காலையில கொண்டா. வேற லைன் சூப்பர்வைசர்கிட்ட குடுத்து என்னை அசிங்கப்படுத்திறாத."

"சரி மாமா."

"அங்க எங்க தங்குவ?"

"இன்னும் பாக்கல."

"பாக்கல," என்று மூத்தவர் தாதியிடம் முறையிட்டார். "பினாங்கு போறானாம், தங்க எடம் பாக்கலயாம்."

"நீங்க கண்டுபுடிச்சிக் குடுப்பீங்கன்னு வெச்சிருக்கான் போல," என்றார் தாதி. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மூத்தவர் மறுக்கவும் இல்லை.

மச்சினன் கைப்பேசியைத் திருப்பினான். கட்டைவிரல்களால் தட்டி அனுப்பினான். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தான். மழை வந்தால் அந்த எஸ்டேட்டில் சமிக்ஞை செத்துவிடும்.

"போவல," என்றான்.

"இங்க நின்னா போவாது. ரோட்டுக்குப் போவணும்." மூத்தவர் மூலையில் இருந்த குடையை எடுத்தார். விரித்துப் பார்த்தார், ஒரு கம்பி மடங்கியிருந்தது. "வா. இருட்டுறதுக்குள்ள."

கம்பிக்கதவின் சாவியை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு வெளியே இறங்கினார். மச்சினன் சட்டைப்பையில் கைப்பேசியைப் போட்டுக் கையால் மூடிக்கொண்டு குடைக்குள் ஓடினான். இருவருக்கும் அந்தக் குடை பற்றவில்லை. லயத்தின் முன்பாதை வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். கம்பிக்குப் பின்னால் நின்று நானும் தாதியும் பார்த்தோம். அவர்கள் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது, அக்காக்காரி கதவருகே நின்றிருந்தாள். மூத்தவர் அவளிடம் ஏதோ சொன்னார், நடையை நிறுத்தவில்லை. இருவரும் வீட்டைத் தாண்டிச் சாலைப் பக்கம் போனார்கள்.